வெள்ளைப்படுதல், அரிப்புக்கு எந்த நாட்டு மருந்து நல்லது?

தயிர்த் திப்பி போல வெள்ளைப்படுகிறது, அரிப்பு தாங்கவில்லை, டாக்டரிடம் போகக் கூச்சமாக இருக்கிறது, நாட்டு மருந்தில் எதை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்களுடையது மதுரையில் நாட்டு மருந்துக் கடை. அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. இப்போது கல்லாவில் நான்தான். பெண் உட்கார்ந்திருப்பதாலேயே இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் அதிகம். மற்றவர்கள் போகட்டும் என்று சுக்கு என்ன விலை, மிளகு என்ன விலை என்று கேட்டுக்கொண்டே நிற்பார்கள். கடை காலியானதும் "அக்கா, வெள்ளை படுது, அதுக்கு ஏதாச்சும் குடுங்களேன்" என்று குரல் இறங்கும். நான் முதலில் கேட்பது என்ன நிறம், என்ன வாடை, அரிப்பு உண்டா என்பதைத்தான். பொட்டலம் மடிப்பதெல்லாம் அப்புறம்.

ஒரு மாதவிடாய்க்கும் அடுத்ததற்கும் நடுவில் முட்டை வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக, அரிப்போ வாடையோ இல்லாமல் வந்தால் அது இயற்கை. உடம்புச் சத்தெல்லாம் போகிறது என்று பயந்து வருகிறவர்களில் பலருக்கு இதுதான் இருக்கும். அவர்களுக்கு மருந்தே வேண்டாம். உங்களுக்கு இருப்பது போலக் கெட்டியாக, அரிப்பும் எரிச்சலுமாக, பெரிய வாடை இல்லாமல் வந்தால் பெரும்பாலும் கேண்டிடா என்ற பூஞ்சை. தண்ணியாக, சாம்பல் நிறத்தில், மீன் வாடையோடு வந்தால் பாக்டீரியல் வஜைனோசிஸ், அதாவது உள்ளே இருக்கும் பாக்டீரியாக்களின் சமநிலை கெட்டது, என்பார்கள். மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து வந்தால் டிரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது உடலுறவில் பரவுவது, கணவருக்கும் சேர்த்தே மருந்து கொடுக்க வேண்டும். பூஞ்சைக்குக் கொடுக்கும் மருந்து மற்ற இரண்டுக்கும் கேட்காது.

நாமே பார்த்து முடிவு கட்டுவதிலும் சிக்கல் உண்டு. தனக்குப் பூஞ்சைதான் என்று நினைத்துக் கடையில் மருந்து வாங்கிய பெண்களை அமெரிக்காவில் பரிசோதித்துப் பார்த்தார்கள். 2002-ல் வெளியான அந்த ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் பூஞ்சை மட்டும் இருந்தது. அதனால்தான் எந்த மூலிகை என்பதை விட எந்தத் தொற்று என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

சரி, மூலிகைக்கு வருவோம். வேம்பு, மஞ்சள், பூண்டு மூன்றும் ஆய்வகத் தட்டில் கேண்டிடாவை அடக்குகின்றன, அது உண்மை. ஆனால் உடம்புக்குள் கதை வேறு. மெல்போர்னில் பெண்களுக்கு 14 நாள் பூண்டு மாத்திரை கொடுத்து, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். 2014-ல் வந்த முடிவில் பூஞ்சையின் அளவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பூண்டுப் பல்லை நூலில் கட்டி உள்ளே வைக்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. பச்சைப் பூண்டு கையில் பட்டாலே தோல் வெந்துபோகிறது, அந்த இடம் எவ்வளவு மென்மையானது!

பெண்ணுறுப்புக்குள் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா வாழ்கிறது. அது லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, பிஎச் அளவை 4.5-க்குக் கீழே, அதாவது அமிலமாகவே, வைத்துக் காவல் காக்கிறது. படிகாரத் தண்ணீர், வேப்பிலைத் தண்ணீர், சோப்பு என்று எதை உள்ளே விட்டுக் கழுவினாலும் அந்தக் காவல்தான் முதலில் குலையும். மாசிக்காயும் அப்படித்தான். பிரசவம் ஆனவர்களுக்கு இறுக்கம் கொடுக்கும் என்று அரைத்து உள்ளே பூசும் பழக்கம் இருக்கிறது. அதில் இருப்பது கடும் துவர்ப்பு. ஈரம் வற்றிப்போய் சரியான மாதிரித் தெரியும், பிறகு எரிச்சல்தான் மிஞ்சும். இதற்கென்று கேட்டால் நான் மாசிக்காய் கொடுப்பதில்லை. தயிரைச் சாப்பிடுங்கள், உள்ளே வைக்காதீர்கள். தயிரில் இருக்கும் பாக்டீரியா வேறு வகை.

நான் தைரியமாகக் கொடுப்பது வெளியே கழுவுவதற்குத் திரிபலா சூரணம். கடுக்காய், நெல்லி வற்றல், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்தது. ஒரு ஸ்பூன் சூரணத்தை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டவிட்டு, மெல்லிய வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டி, வெதுவெதுப்பாக வெளிப்புறம் மட்டும் கழுவி, ஈரம் போக ஒற்றி எடுங்கள். அரிப்புக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும். தொற்றைத் தீர்த்துவிடும் என்று சொல்லி நான் விற்பதில்லை. சோற்றுக்கற்றாழை தடவுவதானால் மடலை வெட்டி நிறுத்திவைத்து, மஞ்சள் பால் முழுக்க வடிந்த பிறகு உள்சோற்றை நன்றாக அலசி எடுங்கள். அந்தப் பால் பட்டால் அரிப்பு இன்னும் கூடும்.

மூலிகையை நான் குறைத்துச் சொல்லவில்லை. தில்லியில் ஜி.பி. தல்வார் என்ற விஞ்ஞானியின் குழுவினர் வேம்பு, பூந்திக்கொட்டைச் சத்து, குயினைன் சேர்த்துப் பிரணீம் என்ற மருந்தையே உருவாக்கினார்கள். ஆனால் அது சத்தைப் பிரித்து, அளவு பார்த்து, பரிசோதித்துச் செய்தது. அம்மியில் அரைத்த விழுதில் எவ்வளவு வீரியம், எவ்வளவு கிருமி என்று யார் கண்டது? சித்த மருந்துதான் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள். உலோகம், தாதுப் பொருள்களைப் புடம் போட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் எதையும் கேள்விப்பட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

பூஞ்சை என்று உறுதியானால் க்ளோட்ரிமசோல் மாத்திரையை உள்ளே வைக்கச் சொல்வார்கள், இல்லாவிட்டால் ஃப்ளுகோனசோல் 150 மில்லிகிராம் ஒரே வேளை தருவார்கள். கர்ப்பமாக இருந்தால் இந்த இரண்டாவது கூடாது; முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெடிக்கலில் அரிப்புக்கு என்று கொடுக்கும் கலவை க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. தடவியதும் அடங்கும், பிறகு பூஞ்சை பரவும்.

கர்ப்பிணிகள், காய்ச்சலோ அடிவயிற்று வலியோ இருப்பவர்கள், ரத்தம் கலந்து வருகிறவர்கள், மாதவிடாய் நின்றவர்கள் எந்தக் கஷாயத்தையும் முயன்று பார்க்காமல் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையும் பாருங்கள். என்னிடம் மூன்றாவது முறையாகச் சூரணம் கேட்டு வருகிறவர்களை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவேன்.

கூச்சம் எனக்குப் புரிகிறது. அரசு மருத்துவமனையில் பெண் மருத்துவர் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். இதற்கென்றே பச்சை நிறப் பொட்டலத்தில் மருந்து இலவசமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவு சாதாரணமான நோய் இது. போவதற்கு இரண்டு நாள் முன்பிலிருந்து உள்ளே எதுவும் வைக்காதீர்கள், கழுவவும் வேண்டாம். பரிசோதனைக்குப் பஞ்சில் தொட்டு எடுப்பது அப்போதுதான் சரியாகக் காட்டும். இதுவரை என்னென்ன நாட்டு மருந்து பயன்படுத்தினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.