முன்பே எழுதிவைத்த சண்டைக்கு என் கணவர் ஏன் அழுதார்?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. தனியார் வங்கி ஒன்றில் மேனேஜர். நாலு பேர் மதிக்கிற மனிதர். ஆனால் டி.வி.யில் வரும் அமெரிக்க மல்யுத்தம், அந்த டபிள்யூ டபிள்யூ இ என்றால் சின்னப் பிள்ளையாகிவிடுவார். 2024 ஏப்ரலில் அதன் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸ்ல்மேனியாவுக்காகத் திங்கட்கிழமை லீவு போட்டு, விடிகாலை நாலரைக்கே டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டார். கோடி ரோட்ஸ் என்பவர் ஜெயித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எல்லாம் முன்னாடியே பேசி வெச்ச டிராமா, இதுக்குப் போய் அழுவாங்களா?” என்று சிரித்துவிட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது நெட்ஃபிளிக்ஸில் பழைய மேட்சுகளை எல்லாம் 9 வயது மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிறார். போன வாரம் அவன் கட்டில் மேலிருந்து 5 வயதுத் தம்பி மேல் குதித்துவிட்டான். நல்லவேளை, பலமான அடி இல்லை. இது பொய் என்று அப்பாவுக்கும் பிள்ளைக்கும் எப்படிப் புரியவைப்பது?
பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: சகோதரி, கட்டில் விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம். அதுதான் அவசரம்.

பையனிடம் “அது பொய்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பொய் என்றால் வலிக்காது என்றுதான் 9 வயதில் கணக்குப் போடத் தோன்றும். வலிக்கும். ரிங்கின் தரையை நாம் மெத்தை என்று நினைத்துக்கொள்கிறோம். இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை, அதற்கு மேல் சன்னமாக ஒரு ஃபோம், அதை மூடி இழுத்துக் கட்டிய கேன்வாஸ், அவ்வளவுதான். அதில் மல்லாந்து விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகு முழுக்க ஒரே சமயத்தில் தரையில் படும்படி விழ வேண்டும். இதைப் பழகவே மாதக்கணக்கில் விழுந்து விழுந்து எழுவார்கள். தூக்கிப் போடும்போதும் பாதி வேலை தூக்கப்படுகிறவருடையதுதான். சரியான நொடியில் அவரே எம்பிக் கொடுப்பார். கயிற்றின் மேலிருந்து குதிக்கிறவர் தன் பாரத்தைத் தன் கை முட்டியிலேயே வாங்கிக்கொள்ளப் பார்ப்பார், கீழே கிடப்பவரும் கையைக் கொடுத்துத் தாங்குவார். உங்கள் சின்னவனுக்கு இந்த ஒப்பந்தம் எதுவும் தெரியாது. அவன் பாட்டுக்கு கார்ட்டூன் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருப்பான்.

இவ்வளவு தெரிந்தவர்களுக்கே பிசகும். ஸ்டீவ் ஆஸ்டின் என்கிற வீரரின் கதையை அப்பா வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். 1997 ஆகஸ்ட் 3, சம்மர்ஸ்லாம் என்கிற நிகழ்ச்சி. எதிரே ஓவன் ஹார்ட். ஆளைத் தலைகீழாகப் பிடித்தபடி தரையில் உட்காருகிற பைல்டிரைவர் என்கிற அடி. ஆஸ்டினின் தலைக்கும் தரைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்திருக்க வேண்டும். இல்லை. கழுத்து மடங்கி, சற்று நேரம் கை கால் அசையவில்லை. அன்றைக்கு ஜெயிக்க வேண்டியவர் ஆஸ்டின். ஆகவே ஓவன் கூட்டத்தைப் பார்த்துச் சவடால் விட்டபடி நேரத்தை ஓட்டினார். ஆஸ்டின் தவழ்ந்து வந்து, பின்னாலிருந்து ஓவனை எப்படியோ உருட்டிச் சாய்க்க, ரெஃப்ரி மூன்று எண்ணி முடித்தார். அப்படி எண்ணி முடித்தால் வெற்றி. அந்தக் கழுத்து பழையபடி ஆகவே இல்லை. அறுவை சிகிச்சை செய்தும் 2003-ல் ஒதுங்க வேண்டியதாயிற்று. சில அங்குலம் பிசகியதற்கு இந்த விலை.

ஆகவே வீட்டில் சட்டம் இது: யாரும் யாரையும் தூக்கக் கூடாது, யார் மேலும் குதிக்கக் கூடாது, கழுத்தில் கை வைக்கக் கூடாது. இதை நீங்கள் சொன்னால் அம்மாவின் நச்சரிப்பு. அப்பா சொன்னால்தான் எடுபடும். மீறினால் ஒரு மாதம் ரெஸ்லிங் கிடையாது, அப்பாவுக்கும் சேர்த்து. இன்னொன்று, 90-களின் கடைசி வருட மேட்சுகளில் ரத்தமும் ஆபாசமும் கொஞ்சநஞ்சமில்லை. 2008-க்குப் பிறகுதான் அந்தக் கம்பெனி குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி அடக்கி வாசிக்க ஆரம்பித்தது. எதைப் பையனோடு பார்ப்பது, எதைத் தனியாகப் பார்ப்பது என்று உங்கள் வீட்டுக்காரருக்கு நன்றாகவே தெரியும்.

இனி அவர் விஷயம். அவருக்கு எதையும் புரியவைக்க வேண்டியதில்லை. லோன் கேட்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே எடை போடுகிற மனிதருக்கு இது தெரியாமல் இருக்குமா? 1989-லேயே டபிள்யூ டபிள்யூ இ-யின் அன்றைய முதலாளி வின்ஸ் மக்மேனின் கம்பெனி, நாங்கள் நடத்துவது விளையாட்டுப் போட்டி இல்லை, வெறும் பொழுதுபோக்கு என்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில செனட்டில் தானாகவே சொல்லிவிட்டது. மனசாட்சி உறுத்தியதால் என்று நினைக்காதீர்கள். விளையாட்டு என்றால் அரசின் கட்டுப்பாடு, லைசென்ஸ், வரி என்று ஆயிரம் தொல்லை. உங்கள் கணவர் அப்போது பால்குடி மறந்திருந்தால் பெரிது. பிறகு பள்ளிக்கூடத்தில் இந்த வீரர்களின் உயரம், எடை, மார்பளவு, ரேங்க் போட்ட ட்ரம்ப் கார்டு வைத்து விளையாடிய தலைமுறை அவர். ‘எல்லாம் செட்டப்புடா’ என்று அப்போதே எவனாவது சொல்லியிருப்பான். அதைக் கேட்டும் அவர் விடவில்லை.

இந்த வியாபாரம் நடக்கிற விதத்தைச் சொல்கிறேன். வாராவாரம் டி.வி.யில் வருவது விளம்பரம் மாதிரி. ஒருவன் இன்னொருவனை அவமானப்படுத்துவான், முதுகில் குத்துவான், சாம்பியன் பெல்ட்டைத் திருடிக்கொண்டு ஓடுவான். கணக்கு தீர்ப்பது மட்டும் பே-பர்-வியூ நாளில். அமெரிக்காவில் அந்த ஒரு ராத்திரியைப் பார்க்க 50 டாலருக்கு மேல் தனியாகக் கட்டிய காலம் உண்டு. நம் ஊரில் கேபிளோடு கேபிளாக வந்துவிட்டதால் அந்தச் சுமை நமக்குத் தெரியாது. ஆகப் பகை என்பதுதான் அங்கே சரக்கு. அதை எழுத எழுத்தாளர்கள் இருக்கிறார்கள், யார் ஜெயிப்பது என்பதை முன்பே முடிவு செய்கிறார்கள், மேட்ச் நடக்கும்போதே ரெஃப்ரியின் காதில் மாட்டிய கருவி வழியே நேரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் எந்த அடி, எந்தப் பிடி என்பதில் நிறைய, ரிங்கில் இருக்கும் இருவரும் காதோடு காதாகப் பேசி முடிவு செய்வது.

முடிவு எழுதியவருக்குத் தெரியும். உங்கள் கணவருக்குத் தெரியாது. அவர் வாங்கியிருக்கும் சுகம் அதுதான்.

அவர் கண் கலங்கிய மேட்சுக்கே வருகிறேன். கோடி ரோட்ஸின் அப்பா டஸ்டி ரோட்ஸ். பிளம்பர் வீட்டுப் பிள்ளை, தொந்தியும் தொப்பையுமான ஆள், பேச ஆரம்பித்தால் கூட்டம் மெய்மறந்து கேட்கும். 1977-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அன்றைய சாம்பியன் சூப்பர்ஸ்டார் பில்லி கிரஹாமை ஜெயித்தார். ஆனால் எதிராளி ரிங்குக்குத் திரும்பாததால் கிடைத்த வெற்றி என்பதால் பெல்ட் கைமாறவில்லை. கடைசிவரை அந்த பெல்ட் அவருக்குக் கிடைக்காமலே 2015-ல் போய்ச் சேர்ந்தார். மகன் 2016-ல் அந்தக் கம்பெனியை விட்டு வெளியேறி, போட்டிக் கம்பெனி ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, 2022-ல் திரும்பி வந்தார். வந்ததும் சொன்னது, அப்பாவுக்குக் கிடைக்காததை வாங்க வந்திருக்கிறேன் என்று.

அந்த வருடம் ஜூன் 5 அன்று, சிகாகோ பக்கத்தில் ரோஸ்மாண்டில், கூண்டுக்குள் நடந்த மேட்ச் ஒன்று இருக்கிறது. நீங்களும் பார்க்கலாம், ஆனால் சாப்பிடும்போது வேண்டாம். சில நாள் முன்னால் எடை தூக்கும் பயிற்சியில் கோடியின் வலது மார்புத் தசைநார் எலும்பைவிட்டுப் பிய்ந்திருந்தது. மேல்கோட்டைக் கழற்றியதும் கூட்டம் வாயடைத்துப்போனது. மார்பிலிருந்து மேல்கை வரைக்கும் கன்றிப்போய்க் கத்தரிக்காய் நிறம். எதிரே சேத் ராலின்ஸ், டஸ்டியைக் கிண்டல் செய்யப் புள்ளி புள்ளி போட்ட உடையில் வந்து நின்றார். இருபது நிமிடத்துக்கு மேல் அந்த மார்போடு சண்டை போட்டார் மனிதர். அவர் ஜெயிப்பது எழுதி வைத்ததுதான். அந்தக் காயத்தை யாரும் எழுதவில்லை. இப்படி ஓர் உடம்பை மேடை ஏற்றியது சரியா என்று கேட்டால், எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஆனால் அன்றைக்குப் பார்த்தவர்கள் அதன் பிறகு அந்த ஆளை விடவே இல்லை.

2023 ரெஸ்ல்மேனியாவில் அன்றைய சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸிடம் கோடி தோற்றார். 2024-ல் மறுபடி வாய்ப்பு வர வேண்டிய நேரத்தில் ‘தி ராக்’ டுவெய்ன் ஜான்சன் குறுக்கே வந்தார். ஹாலிவுட் நட்சத்திரம், புதிதாகக் கம்பெனியின் தாய் நிறுவனத்தில் இயக்குநர் வேறு. பிப்ரவரி தொடக்கத்தில் கோடி ஒதுங்கிக்கொண்டு ராக்குக்கு இடம் விட்ட மாதிரி டி.வி.யில் காட்டினார்கள். ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். அரங்கம் அரங்கமாக ‘எங்களுக்கு கோடிதான் வேண்டும்’ என்று கத்தினார்கள். ஒரே வாரத்தில் கதை திரும்பியது: கோடிக்கே மெயின் மேட்ச், ராக் வில்லன். எழுதி வைத்த சண்டைதான், ஆனால் எழுதியவர்களைக் கூட்டம் மிரட்டி மாற்றி எழுதவைத்தது. உங்கள் கணவரும் போனில் தன் பங்குக்கு நாலு வரி திட்டியிருப்பார். கேட்டுப் பாருங்கள்.

ஏப்ரல் 7 இரவு, பிலடெல்பியா. அந்த மேட்சில் ஒரு கட்டத்தில் ரோமன் கையில் ஒரு இரும்பு நாற்காலி. முன்னால் அடிபட்டுத் தள்ளாடுகிற கோடி. இன்னொரு பக்கம், இப்போது கோடிக்கு உதவ வந்த சேத் ராலின்ஸ், தன் பழைய ‘ஷீல்டு’ கூட்டணியின் கறுப்பு உடையில். நாற்காலியைக் கோடி மேல் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். ரோமன் திரும்பி சேத் முதுகில் போட்டார். நீங்கள் பார்த்தது ஒரு நாற்காலி அடி. உங்கள் கணவர் பார்த்தது 2014 ஜூன் 2-ஐ. அன்றைக்குக் கூட்டாளியாக இருந்த சேத், இதே மாதிரி ஒரு நாற்காலியால் ரோமனை முதுகில் அடித்துத்தான் ஷீல்டை உடைத்தார். பத்து வருடப் பகையைத் தீர்க்கப் போன அந்த ஒரு நொடியில் ரோமன் கோட்டை விட்டார். கொஞ்ச நேரத்தில் மூன்று எண்ணி முடிந்தது. ரோமனிடம் 1,316 நாள் இருந்த பெல்ட் கோடி கையில்.

இதை யோசித்து எழுதியவரைக் கும்பிடத் தோன்றுகிறதா இல்லையா?

நல்லவனை எழுதுவதைவிட வில்லனை எழுதுவது கஷ்டம் என்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ரோமனை நல்லவராக நிறுத்திய வருடங்களில் ஊரே கூச்சல் போட்டு விரட்டியது. 2020-ல் உறவினர்களையே மிரட்டி வேலை வாங்கும் குடும்பத் தலைவனாக மாற்றினார்கள். உலகமே வெறுத்தபடி ரசித்தது. சபரிமலைக்குக் குருசாமியாக ஆட்களைக் கூட்டிப் போன நம்பியாரைத் திரையில் பார்த்துச் சாபம் விட்ட பாட்டிகள் நம் வீடுகளில் இருந்தார்கள்தானே! அந்தப் பாட்டிகளை யாரும் ஏமாளி என்று சொன்னதில்லை.

அதனால், நீங்கள் சிரித்தது குற்றம் இல்லை. சிரித்த நேரம்தான் தப்பு. இரண்டு வருடம் காத்திருந்தவர் முகத்தில் அந்த நிமிடமே தண்ணீர் ஊற்றிவிட்டீர்கள். மன்னிப்பு எல்லாம் கேட்க வேண்டாம், இவ்வளவு நாள் கழித்து அது அவருக்குத்தான் சங்கடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், “அந்த நாற்காலி விஷயம் என்னங்க?” என்று மட்டும் கேளுங்கள். பையனும் கூட இருக்கட்டும். எந்த அடி எப்படி விழுகிறது, யார் யாரைத் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்று படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். வித்தையைப் பிரித்துப் பார்க்கப் பழகிய பையனுக்குக் கட்டில் மேலிருந்து குதிக்கிற ஆசை பாதி குறையும். மீதிப் பாதிக்குத்தான் மேலே சொன்ன சட்டம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பேச்சுவாக்கில் மான்ட்ரியால் என்கிற ஊரின் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். 1997 நவம்பர் 9 அன்று அங்கே பிரெட் ஹார்ட்டிடம் ஒரு முடிவைப் பேசிவைத்துவிட்டு, மேட்ச் நடக்கும்போதே முதலாளி மக்மேன் வேறு முடிவுக்கு மணி அடிக்கச் சொல்லிவிட்டார். பிரெட் சொந்த நாட்டு ஜனங்கள் முன்னால் முதலாளி முகத்திலேயே துப்பினார். போட்டிக் கம்பெனிக்குப் போகிறவர் பெல்ட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டுமா, இல்லை முதலாளி செய்தது துரோகமா என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் துரோகம்தான். உங்கள் கணவர் எந்தக் கட்சியோ தெரியாது. தப்பித் தவறி அந்தப் பேச்சு வந்துவிட்டால், ராத்திரி சாப்பாட்டை ஹோட்டலில் சொல்லிவிடுங்கள்.