கிராண்ட் ஜூரி சம்மன் வந்தால் குற்றவாளி என்று அர்த்தமா?

இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராண்ட் ஜூரி என்பது ஒருவர் மீது வழக்குத் தொடரப் போதுமான காரணம் இருக்கிறதா என்று பார்க்கிற பொதுமக்கள் குழு. "அமெரிக்காவில் இருக்கும் எங்கள் சொந்தக்காரருக்கு கிராண்ட் ஜூரி முன்னால் வரச்சொல்லி சம்மன் வந்திருக்கிறது, அவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டார்களா, அங்கே என்ன நடக்கும்" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் இரண்டு நாளாக யாரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள். 2013-ல் நியூ ஜெர்சியில் எச்1பி விசாவில் இருந்தபோது என் வீட்டுக் கதவைத் தட்டி இரண்டு அதிகாரிகள் அதே தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுப்பில் தோசை கருகிக்கொண்டிருந்தது, என் மனைவி அதைத் திருப்பவே இல்லை.

நான் வக்கீல் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும் என்று யாராவது திருத்த வருவீர்கள், மாறும்தான். மாநிலங்கள் கிராண்ட் ஜூரி வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1884-லேயே சொல்லிவிட்டது, கலிஃபோர்னியாவில் பெரும்பாலான வழக்குகள் நீதிபதி முன்னால் முதல்கட்ட விசாரணை வழியாகத்தான் போகின்றன. நான் சொல்லப்போவது ஃபெடரல் வழக்கு, அதாவது அமெரிக்க மத்திய அரசு தொடுக்கிற வழக்கு. அதில் பெரிய குற்றம் என்றால், குற்றம் சாட்டப்படுகிறவரே கிராண்ட் ஜூரி வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தால் தவிர, கிராண்ட் ஜூரி ஒப்புக்கொள்ளாமல் வழக்கைத் தொடர முடியாது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தத்தில் இருக்கிறது.

அந்த ஜூரியில் 16 முதல் 23 பேர் வரை இருப்பார்கள். எல்லாரும் சாதாரணக் குடிமக்கள், குலுக்கல் மாதிரி பெயர் எடுத்துக் கூப்பிடுகிறார்கள். ஒரே வழக்கு என்றில்லை, 18 மாதம் வரைகூட அவ்வப்போது கூடி வருகிற வழக்குகளையெல்லாம் கேட்கிறார்கள். இவர் குற்றம் செய்தாரா இல்லையா என்று முடிவு செய்வது அவர்கள் வேலை இல்லை. செய்திருப்பார் என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறதா, அவ்வளவுதான். 12 பேர் ஆமாம் என்றால் குற்றப்பத்திரிகை. அதற்கப்புறம்தான் உண்மையான வழக்கே ஆரம்பம்.

அந்த அறையில் நீதிபதி கிடையாது. எதிர்த்தரப்பு வக்கீல் கிடையாது. அரசு வக்கீல், ஜூரி, சாட்சி, பேசுவதைப் பதிவு செய்கிறவர், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளர், இவ்வளவு பேர்தான். சாட்சி தன் வக்கீலைக் கூட்டிப்போகலாம், ஆனால் அவர் வெளியே தாழ்வாரத்தில்தான் உட்கார வேண்டும். இன்னொருவர் சொல்லக் கேட்டேன் என்கிற செவிவழிச் செய்தியை மட்டும் வைத்துக்கூட குற்றப்பத்திரிகை கொடுக்கலாம் என்று 1956-ல் தீர்ப்பு. சந்தேகத்தில் இருக்கிறவருக்குச் சாதகமான ஆதாரத்தை அரசு வக்கீல் காட்டியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 1992-ல் இன்னொரு தீர்ப்பு. இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரியது என்று எனக்கு அந்த அறைக்குள் போனபிறகுதான் புரிந்தது.

ஜூரியும் அரசு வக்கீலும் உள்ளே நடந்ததை வெளியே சொல்லக்கூடாது. ஃபெடரல் விதிப்படி சாட்சிக்கு அந்தத் தடை இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். இருந்தாலும் பெயர் எதையும் சொல்லமாட்டேன்.

நான் ஒரு மருத்துவ பில்லிங் ஆபீஸில் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்யாத சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸில் பணம் வாங்கினார்கள் என்று விசாரணை. ஆபீஸ் வக்கீலே எனக்கும் இலவசமாக வருவதாகச் சொன்னார். வேண்டாம், உனக்கென்று தனியாக ஒருவரை வை, முதலாளிக்கு நல்லது உனக்கும் நல்லதாக இருக்கும் என்று என்ன நிச்சயம் என்று ஒரு நண்பர் தடுத்தார். கடன் வாங்கித்தான் வக்கீல் வைத்தேன். அவர் முதலில் செய்தது அரசு வக்கீலுக்கு ஃபோன் போட்டு, என்னை வெறும் சாட்சியாகக் கூப்பிடுகிறார்களா, சந்தேக வட்டத்தில் இருக்கிறேனா, இல்லை குறியே நான்தானா என்று கேட்டது. சாட்சி என்றார்கள்.

உள்ளே ஒரு வகுப்பறை மாதிரிதான் இருந்தது. ஜூரியின் தலைவராக இருந்தவர், பள்ளி ஆசிரியர் போல இருந்த ஒருவர், எழுந்து எனக்கு சத்தியப் பிரமாணம் செய்து வைத்தார். அரசு வக்கீல் கணினிப் பதிவுகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இந்த மாற்றம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார். எல்லாம் ரிசப்ஷனில் இருந்த ஒரு பெண்ணின் பெயர். நான் பெயரைச் சொன்னேன், அவர் அடுத்த தாளை எடுத்தார், மறுபடி அதே பெயர். இரண்டு தடவை வெளியே போய் என் வக்கீலிடம் கேட்டுவிட்டு வந்தேன், அதற்கு உரிமை உண்டு, யாரும் முகம் சுளிக்கவில்லை.

கடைசியில் ஜூரிக்குக் கேள்வி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். பின்வரிசையில் மடியில் ஸ்வெட்டரை வைத்திருந்த ஒரு வயதான அம்மா கையைத் தூக்கினார். "ஒருத்தருடைய பாஸ்வேர்டை இன்னொருத்தர் போட்டால் இந்தத் தாளில் எப்படித் தெரியும்?" என்றார். தாளில் அது தெரியாது என்றேன். அப்புறம், அந்தப் பெண்ணின் பாஸ்வேர்டை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி அவள் கம்ப்யூட்டர் திரையிலேயே ஒட்டியிருந்ததையும், முதலாளி உட்பட எல்லாரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள் என்பதையும் சொன்னேன். அரசு வக்கீல் அதை என்னிடம் கேட்கவே இல்லை. அந்த அம்மா கேட்கவில்லை என்றால் நானும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு இறங்கியிருப்பேன். பிறகு குற்றப்பத்திரிகை வந்தபோது அதில் அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. அந்த ஒரு கேள்வியால்தான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அந்த அம்மாவை நான் மறக்கவில்லை.

சாட்சிக்கு ஒரு நாளைக்கு 40 டாலரும் போக்குவரத்துச் செலவும் கொடுத்தார்கள்.

சாட்சி சொல்லப் போனதைவிட எனக்கு வலித்தது வேறு. எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியில் மூன்று வருடம் கணக்கு பார்த்தேன், ஒரு டாலர் தவறியதில்லை, பொங்கல் விழாவுக்கு வாழை இலை வாங்கிய ரசீதுகூட நோட்டில் ஒட்டியிருக்கும். நான் கிராண்ட் ஜூரிக்குப் போனது தெரிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்த நேரத்தில், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, "நோட்டைக் கொடுத்துடுங்க சார், கொஞ்ச நாளைக்கு வேற ஒருத்தர் பாக்கட்டும்" என்றார்கள். சாட்சியாகப் போனேன் என்று விளக்கினேன். சரி சரி என்று தலையாட்டினார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் படித்தவர்கள், என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

நம் செய்திகளும் இப்படித்தான். 2024 நவம்பரில் அதானி மீது நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை என்று செய்தி வந்த அன்றைக்கு, என் வாட்ஸாப்பில் பாதிப் பேர் தண்டனையே கொடுத்துவிட்ட மாதிரி எழுதினார்கள். அவருக்காக நான் பேசவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். குற்றப்பத்திரிகை என்பது ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதப்பட்ட குற்றச்சாட்டு, அது யார் மீது வந்தாலும்.

உங்கள் சொந்தக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். சம்மனைக் கிடப்பில் போடக்கூடாது. தன்னையே மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லமாட்டேன் என்று சொல்ல உரிமை உண்டு, காரணமே இல்லாமல் வாய் திறக்க மறுத்தால் நீதிபதி சிறையில் வைக்க முடியும், பொய் சொன்னால் அது தனிக் குற்றம். எந்தக் காகிதத்தையும், மெசேஜையும் அழிக்கவே கூடாது, இதை இன்றைக்கே ஃபோனில் சொல்லிவிடுங்கள். கிரிமினல் வழக்கு பார்க்கிற வக்கீலாக, வேலை செய்கிற இடத்தோடு சம்பந்தம் இல்லாதவராகப் பார்த்து வைத்து, அரசு வக்கீலிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: சாட்சியா, சந்தேகமா, குறியா. பதில் என்னவென்று தெரியும்வரை ஊரில் யாரிடமும் சொல்ல வேண்டாம்.