மலையகத்தில் இருக்கிறேன், நெட் மெதுவு, கரண்டும் அடிக்கடி போகும். கணினியில் உள்ளதை பேக்கப் எடுக்க எந்த சிங்க் மென்பொருள் நல்லது?

நானும் உங்கள் பக்கம்தான், தலவாக்கலையில் சின்னதாக ஒரு போட்டோ கடை வைத்திருக்கிறேன். கலியாணப் படங்கள், தோட்டத்துச் சனங்கள் கொண்டுவரும் பிறப்புச் சாட்சிப் பத்திர ஸ்கேன் என்று எல்லாம் ஒரே கணினியில்தான்.

பெயர் சொல்லும் முன் நான் பட்டதைச் சொல்கிறேன். ப்ரீஃபைல்சிங்க் என்பது இரண்டு இடத்தில் உள்ள கோப்புகளை ஒன்றுபோல் ஆக்கும் மென்பொருள். அதில் இடதில் கணினி, வலதில் வெளி ஹார்ட் டிஸ்க், 'மிரர்' முறை, அதாவது வலது அப்படியே இடதைப்போல் ஆகும். கணினிக்குப் புது டிஸ்க் போட்ட அன்று, பழைய படங்களை அதில் ஏற்றும் முன்பே பழக்கதோஷத்தில் சிங்க்கை அழுத்திவிட்டேன். இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இருக்கிறதே என்று அது கேட்டது, வாசிக்காமலே தள்ளிவிட்டேன். மிரரில் இடது காலியென்றால் வலதும் காலிதான். போதாததற்கு 'நிரந்தரமாக அழி' என்று வேறு வைத்திருந்தேன். இரண்டு வருசக் கலியாணங்கள் போயின. ஒரு பொண்ணோட அப்பாவை டவுனில் கண்டால் இன்றைக்கும் எதிர்க்கடைக்குள் நுழைந்துவிடுவேன்.

அன்றிலிருந்து எந்த மென்பொருளையும் ஒரே கேள்வியால்தான் எடைபோடுகிறேன்: தவறி அழித்ததை அது எங்கே எடுத்து வைக்கும்? ப்ரீஃபைல்சிங்க்கிலேயே அதற்கு 'வெர்ஷனிங்' இருக்கிறது. அழிபடுவதும் மாறுவதும் நாம் காட்டும் வேறொரு ஃபோல்டருக்குப் போய்விடும். இப்போதும் அதைத்தான் பாவிக்கிறேன். கரண்ட் விஷயத்திலும் அது நம்ம ஊருக்குத் தோது: கோப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதும் வந்த பிறகே உரிய பெயருக்கு மாற்றும். பாதியில் லைட் போனாலும் பழைய பிரதி கெடாது.

போன் படங்களைக் கணினிக்குக் கொண்டுவர சிங்திங் என்ற மென்பொருள். போனும் கணினியும் ஒரே ரவுட்டரில் இருந்தால் போதும், இணையம் வேண்டாம், ரீலோட் காசு மிச்சம். ஆனால் பழைய பிரதி வைக்கும் வசதியை நாமே போட்டுவிட வேண்டும். அதுவும் மற்றக் கருவியிலிருந்து வரும் மாற்றத்துக்குத்தான் காவல். போனில் அழித்தது கணினியில் தப்ப வேண்டுமானால், கணினியில் அதைப் போடுங்கள். ஆண்ட்ராய்டின் அதிகாரபூர்வச் செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது, சிங்திங்-ஃபோர்க் என்று தேடுங்கள்.

கூகுள் டிரைவ் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் ஜிமெயிலும் அடக்கம். ஒரு கலியாணத்துக்கே காணாது. ஸ்கேன்களை மட்டும் அங்கே வைக்கிறேன்.

வெளி டிஸ்க் இரண்டு வாங்குங்கள். என்னுடைய ஒன்று கம்பளையில் தங்கச்சி வீட்டில். மாதம் ஒருமுறை போகும்போது மாற்றிக்கொள்வேன். மண்சரிவு பயம் உள்ள பக்கத்தில் இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழ் வைக்க மனம் வரவில்லை. கடையில் உள்ளதை சிங்க் முடிந்த கையோடு வயரைக் கழற்றிவிடுவேன், இடி விழுந்தால் கணினியோடு சேர்ந்து அதுவும் போய்விடும்.