அமெரிக்கச் சட்டம்: எந்த நீதிமன்றம், எவருடைய சட்டம்?

அன்புள்ள ஐயா,

நான் சட்டக் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மாணவி. அடிப்படை உரிமைகளும், ஒரு சட்டம் அரசமைப்புக்கு உட்பட்டதா என்று நீதிமன்றம் ஆராயும் நீதிப் புனராய்வும் அமெரிக்காவிலிருந்து நாம் எடுத்துக்கொண்டவை என்று அரசமைப்புச் சட்ட வகுப்பில் ஆசிரியர் சொன்னார். நேரிலேயே பார்த்துவிடலாம் என்று அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசித்தேன். நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவிக்கலாம் என அதில் எங்குமே எழுதப்படவில்லை. நான் கவனிக்காமல் விட்டுவிட்டேனா? இன்னொரு ஐயம்: அங்கே ஒரு மாநிலத்தில் கொலைக்கு மரண தண்டனை உண்டு, அடுத்த மாநிலத்தில் இல்லை என்கிறார்கள். ஒரே நாட்டில் அது எப்படி முடியும்? அப்படியானால் உச்ச நீதிமன்றம் எதற்கு? அமெரிக்கச் சட்டத்தைப் புதிதாகப் படிக்க விரும்புபவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று விளக்கினால் என் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் எதையும் கவனிக்காமல் விடவில்லை. அந்த வரி அங்கே இல்லை. வகுப்பில் கேட்டதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போகாமல் மூலத்தைத் திறந்து பார்த்தீர்களே, அது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்த பிறகே முதல் கேள்வியின் முழுப் பொருளும் விளங்கும்.

நீதித்துறை என்றதும் நம் மனத்தில் எழுவது ஒரே படிக்கட்டு. கீழே மாவட்ட முன்சீப் நீதிமன்றம், அதற்கு மேல் மாவட்ட நீதிமன்றம், பிறகு சென்னை உயர் நீதிமன்றம், உச்சியில் தில்லியிலுள்ள உச்ச நீதிமன்றம். வழக்கு மத்திய அரசின் சட்டத்தைப் பற்றியதானாலும் மாநில அரசின் சட்டத்தைப் பற்றியதானாலும் இதே படிகளில்தான் ஏறுகிறது. கொலைக்கு என்ன தண்டனை என்பதும் நாடு முழுவதற்கும் ஒரே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இந்தப் பழக்கத்தோடு அமெரிக்கச் சட்டத்துக்குள் நுழைபவருக்கு முதல் நாளிலேயே வழி தப்பிவிடும்.

அங்கே மாநிலங்கள் முந்தியவை, மத்திய அரசு பிந்தியது. 1776இல் பிரிட்டனிடமிருந்து விடுதலையை அறிவித்த 13 குடியேற்றப் பகுதிகளும் ஏற்கெனவே தத்தம் சட்டமன்றங்களையும் நீதிமன்றங்களையும் கொண்டிருந்தன. இங்கிலாந்தின் நீதிபதிகள் தீர்ப்பு தீர்ப்பாகக் கட்டியெழுப்பிய பொதுச்சட்டம் அவற்றுக்கு வழிகாட்டியாக இருந்தது. 1787இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்டு, மறு ஆண்டு ஒன்பதாவது மாநிலத்தின் ஒப்புதலைப் பெற்று, 1789இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம், நாணயம் அச்சிடுதல், அஞ்சல், போர், மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் என்று பெயர் சொல்லி எண்ணப்பட்ட அதிகாரங்களை மட்டுமே புதிய கூட்டாட்சி அரசின் கையில் கொடுத்தது. மற்றவை மாநிலங்களிடமோ மக்களிடமோ இருக்கும் என்று 1791இல் சேர்க்கப்பட்ட பத்தாவது திருத்தம் கூறுகிறது. ஆகவே திருமணம், சொத்துரிமை, ஒப்பந்தம், விபத்து இழப்பீடு, கொலை, களவு ஆகிய அன்றாட வாழ்வின் சட்டம் பெரும்பாலும் மாநிலங்களுடையது. மிஷிகன் 1846இலேயே கொலைக்கான மரண தண்டனையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அதன் தெற்கு எல்லையைத் தாண்டி இண்டியானாவுக்குள் நுழைந்தால் அத்தண்டனை இன்றும் சட்டத்தில் இருக்கிறது. இரண்டும் தத்தம் குற்றவியல் சட்டத்தைத் தாமே எழுதிக்கொண்டவை. இதில் முரண் எதுவும் இல்லை.

நீதிமன்றங்களும் அப்படியே. 50 மாநிலங்களுக்கும் தனித்தனி நீதிமன்ற அடுக்கு உண்டு. நாட்டின் வழக்குகளில் மிகப் பெரும்பான்மை அங்கேயே தொடங்கி அங்கேயே முடிகின்றன. இவற்றுக்குப் பக்கத்தில், இவற்றுக்கு மேலே அல்ல, கூட்டாட்சியின் அடுக்கு நிற்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு ஓர் உச்ச நீதிமன்றத்தை மட்டும் நிறுவி, கீழ் நீதிமன்றங்களை அமைக்கும் பொறுப்பை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் விட்டது. 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் அவற்றை உருவாக்கியது. இன்று 94 மாவட்ட நீதிமன்றங்களும் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் உள்ளன. உச்ச நீதிமன்றத்தில் 1869 முதல் ஒன்பது நீதிபதிகள். ஒரு மாநிலத்தின் சட்டத்துக்கு என்ன பொருள் என்பதில் அம்மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொல்வதே முடிவு. ஒஹையோவின் ஒப்பந்தச் சட்டத்தை ஒஹையோ நீதிபதிகள் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று வாஷிங்டனுக்கு மேல்முறையீடு போக முடியாது. அரசமைப்புச் சட்டமோ கூட்டாட்சிச் சட்டமோ வழக்கில் கேள்விக்குள்ளானால் மட்டுமே அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலத் தீர்ப்பைத் தொட முடியும். பெயர்களைக் கொண்டும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள்: நியூயார்க் மாநிலத்தில் ‘உச்ச நீதிமன்றம்’ என்று அழைக்கப்படுவது சாட்சிகளை விசாரிக்கும் முதல்நிலை நீதிமன்றம், அங்கே மிக உயர்ந்ததன் பெயர் மேல்முறையீட்டு நீதிமன்றம்.

இந்த இரட்டை அமைப்பு ஒரு தனி மனிதரின் வாழ்வில் என்ன செய்யும் என்பதைக் காட்ட நான் எப்போதும் எடுத்துக்கொள்வது 1938ஆம் ஆண்டின் எரி ரயில்வே எதிர் டாம்ப்கின்ஸ் வழக்கு. 1934ஆம் ஆண்டு ஜூலை மாதத்து இரவொன்றில் ஹாரி டாம்ப்கின்ஸ் என்பவர் பென்சில்வேனியாவின் ஹியூஸ்டவுனில் தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் நடந்து போய்க்கொண்டிருந்தார். எதிரே வந்த சரக்கு ரயிலிலிருந்து கதவைப் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அவரைத் தாக்கியது. அவர் வலது கையை இழந்தார். பென்சில்வேனியா நீதிமன்றங்களின் தீர்ப்புகளின்படி, தண்டவாளத்தை ஒட்டி நெடுக நடப்பவர் அத்துமீறி நுழைந்தவர். ரயில்வேயின் சாதாரணக் கவனக்குறைவுக்காக அவருக்கு இழப்பீடு கிடைக்காது. ஆனால் ரயில்வே நிறுவனம் நியூயார்க்கைச் சேர்ந்தது. வாதியும் பிரதிவாதியும் வெவ்வேறு மாநிலத்தவராக இருந்தால் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம் என்ற விதி உண்டு. 1842ஆம் ஆண்டின் ஸ்விஃப்ட் எதிர் டைசன் தீர்ப்போ, இத்தகைய வழக்குகளில் மாநில நீதிபதிகளின் தீர்ப்புகளுக்குக் கட்டுப்படாமல், பொதுவான சட்டம் எது என்பதைக் கூட்டாட்சி நீதிபதிகள் தாமே கண்டறியலாம் என்று அனுமதித்திருந்தது. டாம்ப்கின்ஸின் வழக்கறிஞர்கள் நியூயார்க்கிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். பொதுமக்களைக் கொண்ட நடுவர் குழுவான ஜூரி 30,000 டாலர் வழங்கியது.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது நீதிபதி பிராண்டைஸ் வேரையே அறுத்தார். கூட்டாட்சிக்கென்று அப்படியொரு பொதுவான பொதுச்சட்டம் கிடையாது. மாநிலச் சட்டத்தைச் சேர்ந்த கேள்வியில், அது சட்டமன்றம் இயற்றியதாயினும் நீதிபதிகள் தீர்ப்பால் வகுத்ததாயினும், மாநிலத்தின் சட்டத்தையே கூட்டாட்சி நீதிமன்றமும் பின்பற்ற வேண்டும் என்றார். ஏறத்தாழ நூறாண்டு நிலைத்திருந்த முன்தீர்ப்பு அன்று விழுந்தது; அதனோடு டாம்ப்கின்ஸின் இழப்பீடும் போயிற்று. கையை இழந்த ஒருவரை எண்ணினால் என் மனம் இன்றும் கனக்கிறது. ஆயினும் தீர்ப்பின் நியாயத்தை நான் ஏற்கிறேன். ஒரே பாதையில், ஒரே காயம். எந்த வாசல் வழியாக வழக்கு நுழைகிறது என்பதைப் பொறுத்து உரிமை மாறினால், அதைச் சட்டம் என்று சொல்ல முடியாது. அமெரிக்கத் தீர்ப்பு எதை எடுத்தாலும் இது எந்த நீதிமன்றம், இங்கே பேசப்படுவது எவருடைய சட்டம் என்ற இரண்டையும் கேட்டு விடை எழுதிக்கொண்ட பிறகே அடுத்த பக்கத்துக்குப் போங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி உங்கள் முதல் கேள்வி. அடிப்படை உரிமைகளுக்கு மாறான சட்டம் செல்லாது என்று நம் அரசமைப்புச் சட்டத்தின் 13ஆவது உறுப்பு வெளிப்படையாகச் சொல்கிறது. அமெரிக்காவில் அந்த அதிகாரம் 1803இல் ஒரு தீர்ப்பின் வழியே நிலைபெற்றது. தேர்தலில் தோற்றுப் பதவி விலகவிருந்த குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் தம் கடைசி நாட்களில் தலைநகர்ப் பகுதியான கொலம்பியா மாவட்டத்துக்கு, சிறு வழக்குகளை விசாரிக்கும் அமைதி நீதிபதிகள் பலரை நியமித்தார். நியமன ஆணைகளில் முத்திரையிட்டவர் அன்றைய வெளியுறவு அமைச்சர் ஜான் மார்ஷல். சில ஆணைகள் உரியவர் கையில் சேருமுன் ஆட்சி மாறியது. புதிய தலைவர் ஜெஃபர்சன் அவற்றை வழங்க வேண்டாம் என்றார். ஆணை கிடைக்காதவர்களில் ஒருவரான வில்லியம் மார்பரி, புதிய வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் மேடிசனுக்கு எதிராக, மாண்டமஸ் எனப்படும் செயலுறுத்தும் பேராணையைக் கோரி நேரே உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். அதற்குள் தலைமை நீதிபதியாகிவிட்டவர் வேறு யாருமல்ல, அதே ஜான் மார்ஷல். தாம் முத்திரையிட்ட ஆணை பற்றிய வழக்கைத் தாமே விசாரித்தது முறையா என்ற கேள்வி எனக்குத் தீரவே இல்லை. நீங்களும் அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

தீர்ப்பின் நடை கவனிக்கத்தக்கது. மார்பரிக்கு ஆணையைப் பெறும் உரிமை உண்டு என்றார் மார்ஷல். உரிமை மீறப்பட்டால் சட்டம் பரிகாரம் தர வேண்டும் என்றார். ஆனால் இந்த நீதிமன்றம் அதைத் தர முடியாது என்று முடித்தார். இத்தகைய வழக்கை நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வழிசெய்தது 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு. அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு வகுத்த எல்லையை அது மீறுகிறது. அரசமைப்புச் சட்டமே மேலானது. இரண்டு சட்டங்கள் மோதினால் எது செல்லும் என்று முடிவு செய்வது நீதிபதியின் கடமை. ஆகவே அந்தப் பிரிவு செல்லாது. மேடிசன் எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஆதலால் மீறுவதற்கு நீதிமன்றக் கட்டளையும் இல்லை, தண்டிப்பதற்கு மீறலும் இல்லை. சிறிய அதிகாரம் ஒன்றைக் கைவிட்ட அதே தீர்ப்பில் மிகப் பெரிய அதிகாரம் நீதிமன்றத்தின் கைக்கு வந்தது.

அந்த அதிகாரம் எப்போதும் நன்மைக்கே பயன்பட்டது என்று எண்ணிவிடாதீர்கள். காங்கிரஸின் சட்டமொன்றை உச்ச நீதிமன்றம் இரண்டாம் முறையாக வீழ்த்தியது 1857இல், ட்ரெட் ஸ்காட் வழக்கில். கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று சொன்ன தீர்ப்பு அது. அதை அழிக்க உள்நாட்டுப் போரும், போருக்குப் பின் வந்த திருத்தங்களும் தேவைப்பட்டன.

அவற்றுள் 1868ஆம் ஆண்டின் பதினான்காவது திருத்தத்தைத் தனியே படிக்க வேண்டும். அதற்கு முன், உரிமைகள் சாசனம் எனப்படும் முதல் பத்துத் திருத்தங்கள் கூட்டாட்சி அரசை மட்டுமே கட்டுப்படுத்தின. பால்டிமோர் நகராட்சியின் தெருப்பணிகளால் ஓடைகள் திசைமாறி, மணல் வந்து படிந்து, கப்பல் அணைய முடியாதபடி தன் படகுத்துறை மேடுதட்டிப் போனதாக இழப்பீடு கேட்ட பாரன் என்பவரிடம், ஐந்தாவது திருத்தம் மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1833இல் இதே மார்ஷல் கூறி அனுப்பிவிட்டார். உரிய சட்டமுறையின்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் எந்த மாநிலமும் பறிக்கக் கூடாது என்ற பதினான்காவது திருத்தத்தின் சொற்கள் வழியாகத்தான், பிற்பாடு ஒவ்வோர் உரிமையாக மாநிலங்களுக்கும் பொருந்தலாயின.

1961இல் ஃப்ளோரிடாவின் பனாமா சிட்டியில், ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்து நுழைந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் தமக்கு வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்குகளில் மட்டுமே அந்த உதவி உண்டு என்று மாநில நீதிபதி மறுத்துவிட, ஐந்தாண்டுத் தண்டனை பெற்றுச் சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனுவை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1963இல் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக, தம் நீதிமன்றமே 1942இல் அளித்திருந்த தீர்ப்பைக் கைவிட்டு, கடுங்குற்ற வழக்குகளில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள இயலாதவருக்கு மாநிலம் ஒருவரை அமர்த்தித் தர வேண்டும் என்றார்கள். வழக்கறிஞரோடு மறுவிசாரணைக்குப் போன கிடியனை ஜூரி விடுவித்தது. ஃப்ளோரிடாவின் குற்றவியல் வழக்கு ஒன்று எப்படி வாஷிங்டனுக்குப் போனது என்பதை இப்போது உங்களாலேயே சொல்ல முடியும்: குற்றம் மாநிலச் சட்டத்தினுடையது, உரிமை கூட்டாட்சி அரசமைப்பினுடையது.

தொடக்கத்தை எங்கே வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். மூன்றாம் பிரிவையும் பதினான்காவது திருத்தத்தின் முதல் உட்பிரிவையும் மனப்பாடம் ஆகும்வரை படியுங்கள். பிறகு மார்பரி, பாரன், எரி, கிடியன் என்ற வரிசையில் தீர்ப்புகளை முழுமையாக வாசியுங்கள். ஒவ்வொன்றிலும் நடந்தது என்ன, வழக்கு எந்தக் கட்டத்தில் மேலே வந்தது, முடிவுக்கு இன்றியமையாத காரணம் எது, போகிற போக்கில் சொல்லப்பட்ட கருத்து எது என்று பிரித்து எழுதுங்கள். பின்வரும் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவது அந்த இன்றியமையாத காரணம் மட்டுமே.

அதன் பிறகு, நம் மண்ணோடு தொடர்புடைய ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். ‘உரிய சட்டமுறை’ என்ற அந்த அமெரிக்கத் தொடரை நம் அரசமைப்பில் சேர்ப்பது பற்றி அரசமைப்பு நிர்ணய மன்றத்தின் ஆலோசகர் பி. என். ராவ் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் பிராங்ஃபர்ட்டரோடு கலந்து பேசினார். அது நீதிபதிகளுக்கு அளவுமீறிய அதிகாரம் தரும் என்பது பிராங்ஃபர்ட்டரின் கருத்து. நம் 21ஆவது உறுப்பில் ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ என்ற சொற்கள் வந்தன. சென்னை மாகாணத்தில் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டிருந்த ஏ. கே. கோபாலனின் வழக்கில் 1950இல் அச்சொற்களுக்குக் குறுகிய பொருளே தரப்பட்டது. நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் சொல்ல 1978ஆம் ஆண்டின் மேனகா காந்தி வழக்கு வரை ஆயிற்று. கோபாலன் தீர்ப்பு நீண்டது. அதில் நீதிபதி ஃபசல் அலியின் மாறுபட்ட தீர்ப்பை முதலில் வாசித்துவிட்டு, பெரும்பான்மையின் தீர்ப்புகளுக்கு வாருங்கள்.

அன்புடன்.