இரண்டு பெட்டியும் இரண்டு ஏக்கரும்

கேள்வி: பதினைந்து வருடமாக அமெரிக்காவில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் இருக்கிறோம். 16 வயது மகளின் தோழி, கறுப்பினப் பெண், ஒரு நாள் இரவு எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். எடிஸ்டோ தீவில் பாட்டியின் நிலம் கோர்ட் மூலம் ஏலத்துக்கு வருகிறதாம். அடிமைக் காலம் முடிந்ததும் அவர்கள் முன்னோர் வாங்கிய நிலம் என்று சொல்லி வருத்தப்பட்டாள். நான் தோசை வார்த்துக்கொண்டே, “அடிமைத்தனம் ஒழிந்து 160 வருடம் ஆகிறது, இன்னும் அதையே பேசலாமா? நன்றாகப் படி. நாங்களும் இரண்டு பெட்டியோடுதான் வந்தோம்” என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவள் பாதியில் எழுந்து போய்விட்டாள். மூன்று வாரமாக மகள் என்னோடு பேசுவதில்லை. கணவரின் எம்.எஸ். படிப்புக்காக மாமனார் மன்னார்குடிப் பக்கம் இரண்டு ஏக்கரை விற்றார். அப்படிக் கஷ்டப்பட்டு வந்த குடும்பம் எங்களுடையது. நான் இனவெறி பிடித்தவள் இல்லை என்று மகளுக்கு எப்படிப் புரியவைப்பது?
– பெயர் வேண்டாம், சார்ல்ஸ்டன்

பதில்: மகளுக்குப் புரியவைப்பது அப்புறம். “பிள்ளை பேசமாட்டேன் என்கிறது” என்று வாரத்துக்கு நாலு கடிதமாவது வருகிறது. பாதிக்கு மேல் பிள்ளை பக்கம்தான் நியாயம் இருக்கும். உங்கள் கடிதமும் அந்தக் கட்டில்தான் சேர்கிறது.

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், மாமனார் இரண்டு ஏக்கரை விற்றார் என்று. நீங்கள் அதைக் கஷ்டக் கணக்கில் எழுதுகிறீர்கள். எனக்கு அது வரவுக் கணக்காகத் தெரிகிறது. விற்பதற்கு இருந்தது, விற்றார். பட்டா அவர் பெயரில் இருந்தது, பத்திரம் பீரோவில் இருந்தது. ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டதும் அது காலேஜ் ஃபீஸ் ஆனது. ஆக, உங்கள் கணவர் இறங்கியபோது இரண்டு பெட்டி மட்டும் வரவில்லை, இரண்டு ஏக்கரும் கூடவே வந்தது. பெட்டியை மட்டும் எல்லாரிடமும் சொல்கிறீர்கள்.

இப்போது எடிஸ்டோவுக்கு வாருங்கள். உங்கள் ஊரிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம். அடிமைமுறைக்காக வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 ஜனவரியில், வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் ஓர் உத்தரவு போட்டார்: சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே உள்ள தீவுகளையும் கடலோர நிலத்தையும் விடுதலையான குடும்பங்களுக்கு, ஒரு குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க வேண்டும். சுமார் 40,000 பேர் குடியேறினார்கள், விதைத்தார்கள். ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். அடுத்து ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜான்சன், பழைய எஜமானர்களை மன்னித்து நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

அக்டோபரில் அதைச் சொல்ல எடிஸ்டோவுக்கு அனுப்பப்பட்டவர் ஜெனரல் ஹோவர்ட், போரில் வலது கையை இழந்தவர். ஒரு சர்ச்சில் கூட்டம். பழைய முதலாளிகளை மன்னித்து அவர்களிடமே கூலிக்குப் போங்கள் என்றார். ஜனங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து அவருக்குக் கடிதம் எழுதினார்கள். அதன் சாரம் இது: நீங்கள் ஒரு கையைத்தான் இழந்தீர்கள், மன்னித்துவிடலாம், என்னை மரத்தில் கட்டி 39 சவுக்கடி கொடுத்தவனை, என் அம்மாவையும் சகோதரியையும் உரித்து அடித்தவனை நான் எப்படி மன்னிப்பேன்? அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. மகளிடம் கேளுங்கள், அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அதே வருடம் டிசம்பரில், நாடு முழுக்க அடிமைமுறையை ஒழித்த 13ஆவது சட்டத்திருத்தம் வந்தது. சுமார் 40 லட்சம் பேர் சட்டப்படி சுதந்திர மனிதர்கள். கையில் என்ன? ஒன்றுமில்லை. தலைநகர் வாஷிங்டனில் 1862லேயே அடிமைமுறையை ஒழித்தபோது நஷ்டஈடு கொடுத்தார்கள், தலைக்கு 300 டாலர் வரை. யாருக்கு என்கிறீர்கள்? எஜமானர்களுக்கு! உங்கள் தென் கரோலினாவோ அந்த டிசம்பரிலேயே இன்னொரு சட்டம் போட்டது. கறுப்பினத்தவர் விவசாயக் கூலி, வீட்டு வேலை தவிர வேறு தொழில் செய்ய வேண்டுமானால் லைசென்ஸ் வாங்க வேண்டும். வருடத்துக்கு 10 முதல் 100 டாலர் கட்டணம். அந்தச் சட்டம் நீடிக்கவில்லை, அதன் மனசு நீடித்தது. விடுதலையானவர்களுக்காகவே தொடங்கிய சேமிப்பு வங்கி 1874இல் மூடியபோது 61,000 பேர் போட்ட பணம் மாட்டிக்கொண்டது. நன்றாகப் படி என்றீர்களே, நன்றாகச் சேமி என்று அவர்களுக்கும் சொன்னார்கள். சேமித்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு அந்தத் தீவுகளில் பலர் கூலிக் காசைச் சேர்த்து நிலம் வாங்கினார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். வக்கீலுக்குக் காசில்லை, வெள்ளைக்காரர் கோர்ட்டில் நம்பிக்கையும் இல்லை, அதனால் உயில் எழுதாமலே செத்துப்போனார்கள். நிலம் பேரன் பேத்தி எல்லாருக்கும் பிரிக்காத பங்காக இறங்கியது. நமக்குத் தெரியாத கதையா? எங்கள் குடும்பத்துக் கூட்டுப்பட்டா ஒன்று இருபது வருடமாக அப்படியே கிடக்கிறது. அங்கே கடற்கரை நிலத்துக்கு விலை ஏறியதும், எங்கோ வெளியூரில் இருக்கும் பங்காளி ஒருவர் தன் பங்கை ரியல் எஸ்டேட்காரருக்கு விற்பார். அவர் பாகப்பிரிவினை கேட்டு கோர்ட்டுக்குப் போவார். பிரிக்க முடியாது என்றால் மொத்த நிலமும் ஏலம், பல சமயம் அடிமாட்டு விலைக்கு. வாரிசுகளுக்குக் கொஞ்சம் பாதுகாப்புத் தர 2016இல்தான் தென் கரோலினா ஒரு சட்டம் கொண்டுவந்தது.

உங்கள் தோசைக்கல்லுக்கு முன்னால் அந்தப் பெண் சொன்னது இந்த நிலத்தைத்தான். 160 வருடத்துக்கு முந்தைய கதையை அவள் சொல்லவில்லை, அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ வரப்போகும் ஏலத்தைச் சொன்னாள்.

2022 கணக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்கக் குடும்பங்களைச் சொத்துப்படி வரிசையாக நிறுத்தினால், நடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்திடம் 2,85,000 டாலர் இருக்கிறது. நடுவில் நிற்கும் கறுப்புக் குடும்பத்திடம் 44,900. உங்கள் மாமனார் விற்ற மாதிரி அவர்கள் தாத்தாக்களுக்கு விற்க என்ன விட்டுவைத்தார்கள் என்று யோசித்துவிட்டு அந்த எண்களைப் பாருங்கள்.

இன்னொன்று. 1946 சட்டப்படி அமெரிக்காவில் குடியேற இந்தியர்களுக்கு வருடத்துக்கு 100 இடம்தான். அந்தக் கதவைத் திறந்தது 1965 குடியேற்றச் சட்டம். அதே வருடம் அலபாமா மாநிலத்தின் செல்மாவில் வாக்குரிமை கேட்டு நடந்து போலீஸ் தடியடி வாங்கிய கறுப்பினத்தவர்கள் நாட்டைப் பிடித்து உலுக்கியிருக்காவிட்டால் அந்தக் கதவு அன்று திறந்திருக்குமா? உங்கள் இரண்டு பெட்டியும் அது வழியாகத்தான் உள்ளே வந்தது.

நீங்கள் இனவெறி பிடித்தவரா என்று என்னிடம் சான்றிதழ் கேட்காதீர்கள், தரமாட்டேன். வீட்டுக்கு வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்த பிள்ளை பாதியில் எழுந்து போயிருக்கிறது. எனக்கு அதுவே போதும். எதிரி வந்தாலும் சாப்பிட்டு முடிக்கும்வரை வாயைத் திறக்காதே என்று சொல்லி வளர்த்தவர்கள் நாம்.

மகளைச் சமாதானப்படுத்த வேண்டாம். அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போங்கள், பாட்டி இருக்கும்போது. தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொல்லுங்கள், விளக்கம் எதுவும் சேர்க்காமல். ஏல வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். பத்திரம், வரி ரசீது தேட, வாரிசுகளின் விலாசம் எடுக்க ஆள் வேண்டியிருக்கும். உங்கள் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் கெட்டிக்காரர்தானே, ஒரு சனிக்கிழமை உட்காரட்டும்.

அப்புறம், மாமனாருக்கு ஒரு போன் போடுங்கள். அந்த இரண்டு ஏக்கரில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டவர்கள் யார், விற்ற பணத்தில் அவர்களுக்கு ஏதாவது போனதா என்று கேளுங்கள். ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள், மகள் பக்கத்து அறையில் இருக்கும்போது.