மலை ஊரில் கூட்டுத் தோட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் மகளிர் குழுவுக்கு ஒரு பள்ளி 5 சென்ட் இடம் தருகிறது. கேரட், உருளைக்கிழங்கு போடலாமா? (ஊட்டி)

கேரட் மூட்டை மூட்டையாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் ஊரில் அதையே போட்டு என்ன ஆகப்போகிறது? நமக்குத் தட்டுப்பாடு வருவது கீழிருந்து லாரியில் ஏறி வரும் சரக்குக்குத்தான். 2009 நவம்பரில் மண் சரிந்து பாதைகள் அடைபட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். பாலக், வெந்தயக்கீரை, கொத்தமல்லி மூன்றும் குளிருக்கு அசராது. முளைக்கீரை மந்தமாகத்தான் வரும். 2,200 மீட்டருக்கு மேல் முருங்கை ஆசையே வேண்டாம். வேலியோரம் மேரக்காய் (சௌசௌ) கொடி ஏற்றிவிட்டால் வருஷக்கணக்கில் காய்க்கும்.

உருளைக்கிழங்கு பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு நீலகிரியில் 1961-லேயே கண்டறியப்பட்டது. அந்தக் கூடுகள் மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். எனவே, உருளை விளைந்த நிலத்து மண்ணை ஓசியில் கிடைக்கிறதே என்று பாத்திக்கு அள்ளி வராதீர்கள்.

தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) பின்னால் என்ன விதைத்தாலும் வெளுத்துப் போகிறது. (குன்னூர்)

தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண் கீரைக்கும் பீன்ஸுக்கும் ஆகாது. மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 முதல் 400 கிராம் டோலமைட் (மண்ணின் புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புத் தூள்) தூவி, கொத்திவிட்டு, 2 அல்லது 3 வாரம் கழித்து விதைக்கலாம். சுண்ணாம்பையும் யூரியாவையும் ஒரே நாளில் போட்டால் தழைச்சத்து காற்றோடு போய்விடும்.

காய்கறிக் கழிவைக் குழியில் போட்டால் மாதக்கணக்கில் மக்கவே இல்லை. (கொடைக்கானல்)

குளிரில் சின்னக் குவியலுக்குச் சூடே பிடிக்காது. ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரத்துக்குக் குறையாமல் குவியுங்கள். பச்சைக் கழிவு ஓர் அடுக்கு, காய்ந்த இலை ஓர் அடுக்கு. நடுவே கொஞ்சம் சாணம். பைன் ஊசியிலையும் யூகலிப்டஸ் இலையும் எளிதில் மக்காது, அவை வேண்டாம். மழைக்கு மேலே மூடி, 2 வாரத்துக்கு ஒரு முறை புரட்டுங்கள். ஓட்டல்காரரோடு ஒப்பந்தம் போட்டால் பச்சைத் தோலும் காம்பும் மட்டும் வாங்குங்கள். சமைத்த மிச்சம் வந்தால் காட்டுப்பன்றியும் கூடவே வரும்.

உறைபனிக்கு என்ன செய்வது? (ஊட்டி)

மேகமில்லாத, காற்றில்லாத இரவுதான் ஆபத்து. சாயங்காலமே பெரணித் தழையோ காய்ந்த புல்லோ போட்டு மூடி, வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். பள்ளத்தில் பனி தேங்கும். மேட்டுப் பாத்தி தப்பும்.

விளைந்ததைப் பங்கு போடுவதில் சண்டை. தோட்டமே நின்றுவிடும் போலிருக்கிறது. (கோத்தகிரி)

எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதுதான். பூச்சியால் அழிந்த கூட்டுத் தோட்டங்களைவிடக் குழாயடித் தகராறில் அழிந்தவை அதிகம் என்பேன். விதை வாங்கும் முன் நான்கு விஷயத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: இடம் எத்தனை வருஷத்துக்கு, தண்ணீர்க் கட்டணம் யார் கட்டுவது, லீவு நாளில் யார் பார்ப்பது, விளைச்சலில் முதல் உரிமை யாருக்கு.

இதில் நான்காவது விஷயத்துக்கு என் யோசனை: முதல் அறுப்பு அங்கன்வாடிக்கு, அடுத்தது வேலை செய்தவர்களுக்கு, மிச்சம் இருந்தால் உழவர் சந்தைக்கு. குழாய்ப் பக்கத்தில் கயிற்றில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். அறுத்தவர் கட்டு எத்தனை, யாருக்குப் போனது என்று அங்கேயே எழுதட்டும். தலைவி வீட்டு அலமாரியில் இருக்கும் நோட்டை யாரும் நம்ப மாட்டார்கள்.

காட்டெருமை வேலியை உடைக்கிறது. மின்கம்பி போடலாமா? (கொடைக்கானல்)

வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடுவது சட்டப்படி குற்றம். மனுஷ உயிரும் போகும். வனத்துறையிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போதைக்குப் பாத்திகளை மதில் சுவருக்கு உள்பக்கம் மாற்றுங்கள்.