இலைக் கணக்கில் காணாமல் போகும் சீட்டு

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலைக் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ். சீசனில் எப்போதாவது ஒரு விவசாயிக்கு அன்றைய மொத்தம் குறைந்துவிடுகிறது. எடைச் சீட்டுகளைக் கூட்டினால் சரியாக வருகிறது. லாகில் (சர்வர் நடந்ததை எழுதி வைக்கும் பதிவில்) எரர் எதுவும் இல்லை. மலையில் கரண்ட் போய்ப் போய் வருவதுதான் காரணம் என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

க., கோத்தகிரி

அன்புள்ள க.,

கரண்ட் மேல் பழி போடுவதற்கு முன் லாகைப் பாருங்கள். சர்வர் திடீரென்று நின்று மறுபடி எழுந்தால், மீட்பு நடந்ததை போஸ்ட்கிரஸ் எழுதி வைத்திருக்கும். எடை குறைந்த நாட்களில் அப்படி ஒன்றும் இல்லை என்றால் கரண்டை விட்டுவிடலாம். அடுத்து, குறைகிற அளவு ஏதாவது ஒரு சீட்டின் எடையேதானா? ஆம் என்றால் என் சந்தேகம் இதுதான்: உங்கள் நிரல் மொத்தத்தைப் படித்து, புது எடையைக் கூட்டி, திரும்ப எழுதுகிறது.

சீசனில் ஒரே விவசாயியின் மூட்டைகள் இரண்டு தராசில் ஏறும். இரண்டு கணினியும் 120 கிலோ என்று படிக்கின்றன. ஒன்று 18 கூட்டி 138 என்று எழுதுகிறது. மற்றது 25 கூட்டி, அதன் மேலேயே 145 என்று எழுதிவிடுகிறது. வர வேண்டியது 163. போஸ்ட்கிரஸ் வழக்கமாக இயங்கும் 'ரீட் கமிட்டட்' நிலையில் (மற்றவர் எழுதி முடித்ததை மட்டும் படிக்கும் நிலை) இது அனுமதிக்கப்பட்டதுதான், அதனால் எரர் வராது.

அது எப்போது வரும் என்று காத்திருக்காதீர்கள், வரவழையுங்கள். சோதனை டேட்டாபேஸில் படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே 5 வினாடி நிறுத்தம் வைத்து, இரண்டு கணினியிலிருந்து ஒரே ஆளுக்கு எடை போடுங்கள். ஒவ்வொரு முறையும் குறைந்தால் காரணம் சிக்கிவிட்டது. எதையோ மாற்றிவிட்டு, ஒரு வாரமாக வரவில்லை, சரியாகிவிட்டது என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

சரிசெய்வது எளிது. கூட்டலை அப்டேட் கட்டளைக்குள்ளேயே 'மொத்தம் = மொத்தம் + 25' என்று வையுங்கள். இரண்டாவதாக வருவது, முதலாவது முடியும்வரை நின்று, புது மொத்தத்தோடு கூட்டும். இன்னும் நல்லது, சீட்டுக்கு ஒரு வரி சேமித்து, கேட்கும்போது கூட்டிக்கொள்வது.

அப்புறம், 18 கிலோ என்பது ஒருவர் காலையிலிருந்து சரிவில் நின்று பறித்த இலை. பழைய மாதச் சீட்டுகளையும் கூட்டிப் பார்த்து, குறைந்தவர்களுக்குப் பாக்கியைக் கொடுக்கச் சொல்லுங்கள். முதலாளி தயங்கினால் அந்தச் சோதனையை அவர் முன்னால் ஓட்டிக் காட்டுங்கள்.